சுரங்க ரயிலின் தூசு: மகளுக்கு ஓர் அளவு, மகனுக்கு வேறோர் அளவு

வாசகர் கேள்வி

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். தோட்டத்தில் பால்மரம் சீவி, பிறகு செம்பனைக் காட்டிலும் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பத்தாங் காலியில் ஒரு தாமானில் குடும்பத்துடன் இருக்கிறேன். என் மகளுக்கு 27 வயது. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. தினமும் கொமுட்டர் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி, மியூசியம் நெகாரா நிலையத்தில் எம்.ஆர்.டி. சுரங்க ரயிலுக்கு மாறி, டி.ஆர்.எக்ஸ். அலுவலகத்துக்குப் போகிறாள். சில மாதங்களாக இரவில் இருமுகிறாள். 20 நிமிடம் சுரங்க ரயிலில் போனால் ஒரு சிகரெட் பிடித்ததற்குச் சமம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. வேலையை விடச் சொல்லலாமா? கழுத்தில் மாட்டிக்கொள்ளும் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்கலாமா என்று என் மனைவி கேட்கிறாள். வீட்டில் யாரும் புகைப்பதில்லை. இரவில் கொசுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, அவ்வளவுதான். மகனும் அண்மையில் ஒரு குத்தகையாளரிடம் சேர்ந்து, இரவில் சுரங்கப் பாதைக்குள் தண்டவாளம் தேய்க்கும் வேலை, கான்கிரீட்டில் துளை போடும் வேலை எல்லாம் செய்கிறான். காலையில் மோட்டாரில் வீடு வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது. அவன் உடம்பு திடமானது, அவனைப் பற்றிக் கவலை இல்லை.

பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி மகளைப் பற்றியது. மகனைப் பற்றிக் கடைசியில் ஓரிரு வரிகளே எழுதி, கவலை இல்லை என்று முடித்துவிட்டீர்கள். தொழில்சார் சுகாதார மருத்துவன் என்ற முறையில் நான் அந்த வரிசையை மாற்ற வேண்டியிருக்கிறது. சுரங்க ரயிலின் காற்றால் உங்கள் குடும்பத்தில் ஒருவருக்குத் தீங்கு நேரக்கூடும் என்றால், அது உங்கள் மகனுக்குத்தான். மகளின் இருமலுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அது சுரங்கத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குவதற்கு, அந்தத் தூசு எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சாலையோரக் காற்றைக் கெடுப்பது பெரும்பாலும் வண்டிகளின் புகை. மின்சாரத்தில் ஓடும் சுரங்க ரயிலில் புகை இல்லை; ஆனால் தேய்மானம் உண்டு. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மேல் உருளும்போதும், வளைவில் உரசும்போதும், பிரேக் கட்டை சக்கரத்தையோ தட்டையோ பிடிக்கும்போதும், மின்சாரம் எடுக்கும் ‘காலணி’ எனப்படும் உலோகத் துண்டு மின்சாரம் பாயும் மூன்றாம் தண்டவாளத்தில் வழுக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் கழன்று விழுகின்றன. திறந்த வெளியில் அவை காற்றோடு போய்விடும். சுரங்கத்தில் போக இடமில்லாமல் தரையிலும் சுவரிலும் படிகின்றன. அடுத்த ரயில் ஒரு குழாய்க்குள் தள்ளப்படும் அடைப்பைப் போலக் காற்றைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வரும்போது, படிந்தவை மறுபடியும் கிளம்புகின்றன. ஆகவே ஒரு சுரங்கத்தின் காற்று எவ்வளவு மோசம் என்பதைத் தீர்மானிப்பவை அதன் வயது, ஆழம், காற்றோட்டம், பிரேக்கின் வகை, தூசு அகற்றப்படும் முறை ஆகியவையே. சுரங்கம் என்ற ஒரே காரணத்தால் எல்லாச் சுரங்கங்களும் ஒன்றாகிவிடுவதில்லை.

வாட்ஸ்அப்பில் உலவும் சிகரெட் கணக்கு லண்டனைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருவது. லண்டனின் நிலைமை உண்மையிலேயே நல்லதல்ல. அந்நகரின் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் அங்குள்ள சுரங்க ரயில் கட்டமைப்பில் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றுக்கு 88 மைக்ரோகிராம் இருந்தது. மத்திய லண்டனின் சாலையோரத்தில் அது 22 மட்டுமே. விக்டோரியா தடத்தில் நடுமதிப்பே 361. அந்தத் துகளில் ஏறத்தாழப் பாதி இரும்பு ஆக்சைடு. நியூயார்க்கை நியூ ஜெர்சியுடன் இணைக்கும் தடத்தின் ஒரு நிலையத்தில் ஆயிரத்தைத் தாண்டிய அளவு பதிவானதாக 2021-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சொல்கிறேன்: உலக சுகாதார அமைப்பு 2021-இல் வகுத்த வழிகாட்டி அளவு 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராம், மலேசியாவின் 2020-ஆம் ஆண்டுத் தர அளவு 35.

ஆனால் லண்டனின் எண்ணை எடுத்துக் கோலாலம்பூருக்குப் பொருத்துவது தவறு. லண்டனில் 1863-இலேயே நிலத்தடி ரயில் ஓடத் தொடங்கிவிட்டது, அதுவும் நீராவி இயந்திரத்தோடு. ஆழமான மின்சாரத் தடம் 1890-இல் வந்தது. நூறாண்டுக்கும் மேலான தூசு படிந்த, குறுகலான, ஆழமான அந்தக் குழாய்களில் ஓடும் ரயில்களில் பெரும்பாலானவற்றுக்குக் குளிர்சாதனம் இல்லை. சன்னலைத் திறந்துவைத்துத்தான் பயணம் செய்கிறார்கள். உங்கள் மகள் ஏறும் காஜாங் தடத்தின் சுரங்கப் பகுதியோ 2017 ஜூலையில்தான் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. முழுத் தடத்திலும் மியூசியம் நெகாரா முதல் மாலூரி வரை ஏழு நிலையங்கள் மட்டுமே நிலத்துக்கு அடியில் இருக்கின்றன, மற்றவை மேலே. ரயில்கள் குளிரூட்டப்பட்டவை. இப்படிப்பட்ட நவீன மின்ரயில்கள் வேகத்தைப் பெரும்பாலும் மோட்டாரைக் கொண்டே குறைத்து, நிற்கப்போகும் நேரத்தில்தான் பிரேக் கட்டையைப் பயன்படுத்துவதால் தேய்மானமும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, நிலத்தடி நிலையங்களில் நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே கண்ணாடித் தடுப்புக் கதவுகள் இருக்கின்றன. புத்ராஜெயா தடத்தின் சுரங்க நிலையங்களும், 1990-களின் இறுதியில் திறக்கப்பட்ட கிளானா ஜெயா எல்.ஆர்.டி. தடத்தின் மஸ்ஜிட் ஜாமெக் முதல் அம்பாங் பார்க் வரையிலான நிலத்தடி நிலையங்களும் அப்படியே.

அந்தக் கதவுகளின் வேலையைச் சற்று விளக்கியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் பிள்ளைகள் இருவரும் அதன் இரண்டு பக்கங்களில் நிற்கிறார்கள். பார்சலோனாவில் இத்தகைய கதவுகள் உள்ள புதிய நடைமேடைகளில், கதவில்லாத பழைய நடைமேடைகளில் இருப்பதைவிடத் தூசு ஏறத்தாழப் பாதி அளவே இருந்தது. சியோலிலும் கதவுகள் பொருத்தப்பட்ட பிறகு நடைமேடையில் தூசு குறைந்தது. ஆனால் அதே நகரில் ரயில் பெட்டிகளுக்குள் தூசு கூடியதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். கதவு தூசை ஒழிப்பதில்லை, சுரங்கத்துக்குள்ளேயே நிறுத்திவைக்கிறது. பயணிக்கு அது பாதுகாப்பு. ரயில் ஓய்ந்த பின் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கி, படிந்து கிடக்கும் தூசைக் கிளப்பி, புதுத் தூசையும் உண்டாக்கி வேலை செய்பவருக்கு அந்தக் கதவால் எந்தப் பயனும் இல்லை.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் உள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. எங்கும் அளக்கப்பட்டவை அல்ல. உங்கள் மகள் மியூசியம் நெகாராவில் ஏறினால் பாசார் செனி, மெர்டேக்கா, புக்கிட் பிந்தாங் ஆகியவற்றுக்கு அடுத்து டி.ஆர்.எக்ஸ். வந்துவிடுகிறது. போக வர, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். கொமுட்டரில் செல்லும் நீண்ட நேரம் நிலத்துக்கு மேலேதான். உட்கார்ந்தோ நின்றோ இருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். சுரங்கக் காற்றில் 50 மைக்ரோகிராம் இருப்பதாகக் கொண்டால், அந்த 20 நிமிடத்தில் அவர் உள்ளிழுப்பது 10 மைக்ரோகிராம். மீதி நாள் முழுவதும் வெறும் 20 மைக்ரோகிராம் உள்ள காற்றிலேயே இருந்தாலும், 15 கன மீட்டர் காற்றுக்கு 300 மைக்ரோகிராம் ஆகிறது. மகனுக்கு வருவோம். இரவில் 4 மணி நேரம், கடும் உழைப்பால் நிமிடத்துக்கு 30 லிட்டர் மூச்சு, தூசு கிளம்பிய காற்றில் 300 மைக்ரோகிராம் என்று வைத்தால், அவர் ஒரே இரவில் உள்ளிழுப்பது இரண்டாயிரத்துக்கும் மேல். தங்கையின் சுரங்கப் பங்கைப் போல இருநூறு மடங்கு. தண்டவாளத்தைத் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு 300 என்பது குறைத்து மதிப்பிட்ட எண்ணாகவே இருக்கும்.

சிகரெட் ஒப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடையை மட்டும் வைத்து இரண்டையும் சமன்படுத்துவது மருத்துவக் கணக்கு அல்ல. சிகரெட் புகை என்பது எரிந்த இலையிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களின் கலவை; அதனோடு நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் சேர்ந்து வருகின்றன. சுரங்கத் தூசு முக்கியமாக உலோகம். அதற்காக அது தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. ஸ்டாக்ஹோமில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், சுரங்க ரயில் துகள்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நுரையீரல் உயிரணுக்களின் மரபணுவைச் சாலைத் துகள்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு சேதப்படுத்தின. அதே நகரில் சுரங்க ரயில் ஓட்டுநர்களைப் பற்றிய ஆய்வுகளிலோ மாரடைப்போ நுரையீரல் புற்றுநோயோ அவர்களுக்குக் கூடுதலாக இருப்பதாகத் தெரியவரவில்லை. பிரிட்டிஷ் அரசுக்குக் காற்று மாசு பற்றி ஆலோசனை கூறும் மருத்துவக் குழு 2019-இல் எல்லாவற்றையும் ஆராய்ந்து, ஓரளவு தீங்கு இருக்க வாய்ப்புண்டு, ஆனால் அதன் அளவைச் சொல்லப் போதிய சான்றுகள் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. ஓட்டுநர் அடைத்த அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்பவர் என்பதையும் மறக்க வேண்டாம். அவருக்கு நேராதது, தண்டவாளத்தருகே மண்டியிட்டு வேலை செய்பவருக்கும் நேராது என்று அந்த ஆய்வுகளிலிருந்து முடிவுகட்ட முடியாது.

ஆகவே மகளை வேலையை விடச் சொல்ல வேண்டாம். படித்த ஒரு பெண்ணின் நல்ல வேலையை ஒரு வாட்ஸ்அப் செய்திக்காக இழப்பது, எந்தத் தூசையும்விடப் பெரிய நட்டம். அவருடைய இருமல் இரவில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நடைமேடையில் நிற்கும்போதோ ரயிலை விட்டு இறங்கிய உடனோ வருவதாக எழுதவில்லை. இரவிலும் விடியற்காலையிலும் இருமல் வருவது, ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்கு மருத்துவர்கள் முதலில் தேடும் அறிகுறி. நிவாரணத்துக்கான நீல நிற இன்ஹேலரை மட்டும் வைத்துக்கொண்டு, அன்றாடம் இழுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை, உடம்பு நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடுபவர்கள் நம் ஊர்ப் பக்கம் ஏராளம். உங்கள் மகளும் அப்படிச் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டு வாரங்களுக்கு, எப்போது இருமல் வந்தது, எங்கே இருந்தார், அதற்கு முன் என்ன செய்தார் என்று ஒரு தாளில் எழுதிவைத்து, அதை அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்கு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். மூச்சை ஊதி அளக்கும் சோதனையோடு அந்தத் தாளையும் சேர்த்துப் பார்த்தால், என் ஊகம் சரியா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் கொசுவத்திக்கு வருகிறேன். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், மலேசியாவிலும் சீனாவிலும் விற்கப்பட்ட கொசுவத்திச் சுருள்களை எரித்து அளந்தார்கள். ஆய்வுக் குழுவில் நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இருந்தார்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியிடும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் எடைக்குச் சமம் என்று கண்டறிந்தார்கள். எடைக் கணக்கை நம்ப வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டு இங்கே அதையே சொல்கிறேனே என்று நீங்கள் நினைக்கலாம். இங்கே இரண்டுமே எரியும் புகை என்பதால் ஒப்பீடு அந்த அளவுக்குப் பிசகாது. சன்னலைச் சாத்திய படுக்கையறையில் தலைமாட்டுக்கு அருகே ஒரு சுருள் இரவு முழுக்கப் புகைகிறது என்றால், ஆஸ்துமா உள்ள ஒருவர் அங்கே எட்டு மணி நேரம் மூச்சுவிடுகிறார் என்றால், மியூசியம் நெகாராவை நாம் குற்றம் சொல்வது பொருத்தமில்லை.

டிங்கிக் காய்ச்சல் உள்ள ஊரில் கொசுவை விட்டுவிடுங்கள் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். சன்னலுக்குக் கம்பி வலை அடிப்பதும், மகளின் கட்டிலுக்குக் கொசுவலை கட்டுவதும், மின்விசிறியை ஓடவிடுவதும், பூந்தொட்டித் தட்டிலும் கூரைத் தகரப் பள்ளத்திலும் தேங்கும் நீரை வாரந்தோறும் கொட்டுவதும் புகையில்லாமல் கொசுவைக் குறைக்கும் வழிகள். கொசுவத்தி தேவைதான் என்றால், மாலையில் வீட்டு வாசலில் ஏற்றி, படுக்கைக்கு முன் அணைத்துவிடுங்கள். சாம்பிராணியைப் பொறுத்தவரை, வெள்ளிக்கிழமை வழிபாட்டை நிறுத்த வேண்டியதில்லை. கதவு சன்னல்களைத் திறந்துவைத்து, மகள் வீட்டில் இல்லாத நேரத்தில் காட்டினால் போதும்.

கழுத்தில் மாட்டும் கருவியை வாங்க வேண்டாம். முகத்தைச் சுற்றி எந்நேரமும் நகர்ந்துகொண்டிருக்கும் காற்றை விரல் அளவுக் கருவி ஒன்றால் சுத்தம் செய்ய இயலாது. அயனிகளை வெளியிடும் சில வகைகளிலிருந்து ஓசோனும் சேர்ந்து வரலாம், அது ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. அந்தப் பணத்தில் கம்பி வலை அடியுங்கள். மகளுக்கு எம்.ஆர்.டி. பயணத்துக்கென்று தனியாக முகக் கவரி தேவையில்லை. புகைமூட்டம் வந்து காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டும் நாள்களில் மட்டும், வீட்டிலிருந்து கிளம்பும்போதே முகத்தோடு நன்றாகப் பொருந்தும் என்95 கவரியைப் போடட்டும்.

இனி மகனைப் பற்றி. காலையில் மூக்கிலிருந்து கறுப்பாக வருவது, அவர் வேலை நேரத்தில் தகுந்த சுவாசக் கவசம் அணியவில்லை, அல்லது அணிந்தது பொருந்தவில்லை என்பதைக் காட்டுகிறது. மூக்கு பிடித்து நிறுத்துவது பெருந்துகளை மட்டுமே. நுண்துகள் மூக்கைக் கடந்து நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அது சளியில் தெரியாது. எனவே நாளைக்கே மூக்கு சுத்தமாகிவிட்டாலும் அதைக் கொண்டு நிம்மதி அடைய வேண்டாம்.

அவர் செய்யும் வேலைகளில் இரும்புத் தூசைவிட எனக்கு அதிகக் கவலை தருவது கான்கிரீட்டில் துளை போடும் வேலை. கான்கிரீட்டில் மணலும் கல்லும் இருக்கின்றன. அவற்றைத் துளையிடும்போதும் அறுக்கும்போதும் சிலிக்கா என்ற நுண்தூசு கிளம்புகிறது. இரும்புத் தூசு ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் எக்ஸ்ரே படத்தில் புள்ளிகளாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் நுரையீரலின் செயலைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. வெல்டிங் வேலை செய்பவர்களிடம் இதை நாங்கள் காண்கிறோம். சிலிக்கா அப்படியல்ல. அது நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். அந்தத் தழும்பு ஆறாது, வேலையை விட்ட பிறகும் வளரும், காசநோய் தொற்றும் வாய்ப்பையும் கூட்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, சிலிக்காத் தூசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அதே பிரிவில்தான் 2012 முதல் டீசல் புகையும் இருக்கிறது. இரவில் சுரங்கத்துக்குள் டீசலில் ஓடும் பராமரிப்பு வண்டியோ மின்னாக்கியோ வருகிறதா என்பதையும் மகனிடம் கேளுங்கள். உடம்பு திடமாக இருப்பது இதற்கு மருந்தல்ல. திடமான உடம்புக்காரர் அதிகமாக உழைக்கிறார், அதிகமாக மூச்சு வாங்குகிறார்.

இதற்குத் தீர்வு கவசத்திலிருந்து தொடங்குவதில்லை. துளைக் கருவியோடு தூசை உறிஞ்சும் குழாய் இணைக்கப்பட வேண்டும், அல்லது நீரைப் பீய்ச்சிக்கொண்டே துளையிட வேண்டும். மின்கம்பிகள் அருகில் இருந்தால் இரண்டாவது வழி ஆபத்தானது என்பதால் உறிஞ்சும் வகையே பொருத்தம். சுரங்கத்தின் காற்றோட்ட விசிறிகள் வேலை நேரத்தில் ஓட வேண்டும், தொழிலாளர்கள் காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும், அழுத்தக் காற்றால் ஊதித் தூசு தட்டுவதும் கூடாது; முடிந்த வேலையின் தூசை நுண்வடிகட்டி உள்ள உறிஞ்சியால் எடுக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதற்குத்தான் கவசம். அறுவை மருத்துவர் போடும் நீலக் கவரி இந்த வேலைக்கு உதவாது. என்95-க்குக் குறையாத கவசம், முடிந்தால் மாற்றக்கூடிய வடிகட்டிகளோடு பாதி முகத்தை மூடும் ரப்பர் கவசம் வேண்டும். அது அவர் முகத்தில் ஒழுக்கில்லாமல் பொருந்துகிறதா என்று முதலாளி சோதித்துக் காட்ட வேண்டும்.

தாடி இருந்தால் எந்தக் கவசமும் பொருந்தாது. உங்கள் மகன் சபரிமலைக்கு மாலை போட்டு விரதம் இருப்பவரானால், அந்த நாள்களில் தலையோடு மூடி, மின்விசிறியால் வடிகட்டிய காற்றைத் தரும் தொப்பிவகைக் கவசத்தைக் கேட்கட்டும். கிடைக்காவிட்டால் தூசில்லாத வேலைக்கு மாற்றச் சொல்லட்டும். இதைக் கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை. மாலை போட்டவர் தாடியோடு சாதாரண கவசத்தை மாட்டிக்கொண்டு துளையிட்டதைக் கண்டும் கேளாதிருந்த மேற்பார்வையாளர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. உடல்நலத்துக்குக் கேடான வேதிப்பொருள்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு அபாயத்தை மதிப்பிடுவது, தேவைப்பட்டால் காற்றை அளப்பது, தொழிலாளர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பு செய்வது எல்லாம் முதலாளியின் கடமை. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி வேலையைக் குத்தகைக்குக் கொடுத்த மூல நிறுவனத்துக்கும் குத்தகையாளரின் ஆட்களைப் பாதுகாக்கும் பொறுப்பு உண்டு. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் தொழிலாளி, அதை அறிவித்தும் சரிசெய்யப்படாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. முதலில் மேற்பார்வையாளரிடம் மதிப்பீட்டு அறிக்கையைக் காட்டும்படி மரியாதையோடு கேட்கட்டும். தட்டிக்கழித்தால் ஜே.கே.கே.பி. எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார அமலாக்கத் துறையிடம் புகார் செய்யலாம். சம்பளச் சீட்டில் பெர்கேசோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கான சந்தா பிடிக்கப்படுகிறதா என்பதையும் நீங்களே ஒரு முறை பாருங்கள். குத்தகையாளரிடம் வேலை செய்யும் பிள்ளைகள் பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

வேலை உடையோடு வீட்டுக்கு வர வேண்டாம். வேலையிடத்திலேயே குளித்து, உடை மாற்றி, அழுக்கு உடையைப் பையில் கட்டி எடுத்து வந்து, தனியாகத் துவைக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள தங்கை இருக்கும் வீட்டில் அந்தச் சட்டையை உதறவே கூடாது. தண்டவாளத்தில் வெல்டிங்கும் செய்கிறார் என்றால் நிமோனியா தடுப்பூசியைப் பற்றித் தனியாகப் பேசலாம்; உலோகப் புகையில் தொடர்ந்து வேலை செய்பவர்களுக்குப் பிரிட்டனில் அது பரிந்துரைக்கப்படுகிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரவு முழுக்க உழைத்துவிட்டு விடியலில் கோலாலம்பூரிலிருந்து பத்தாங் காலி வரை மோட்டாரில் வருவது, இந்தக் கடிதத்தில் உள்ள எல்லா அபாயங்களிலும் மிக உடனடியானது. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. காலை கொமுட்டரில் தங்கை நகரத்துக்குப் போகும் நேரத்தில், எதிர்த் திசை ரயிலில் அவர் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வரலாமே. மோட்டாரைப் பத்தாங் காலி நிலையத்திலேயே நிறுத்தி வைக்கட்டும்.

இந்த மாதத்திலேயே மகனை ஒரு தொழில்சார் சுகாதார மருத்துவரிடம் அனுப்புங்கள். வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருப்பதால், இப்போது எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சு அளவுச் சோதனையும் ஏறத்தாழ அவருடைய தொடக்க நிலையைக் காட்டும். ஆண்டுதோறும் எடுப்பதை அதனோடு ஒப்பிடலாம். இத்தகைய பதிவுகளை முதலாளி 30 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை சொல்கிறது. ஆனால் குத்தகையாளர்கள் மாறுவார்கள், சிலர் கடையைக் கட்டிவிட்டும் போய்விடுவார்கள். ஆகையால் எக்ஸ்ரே படம், சோதனை முடிவு, அவர் எந்தச் சுரங்கத்தில் எந்த மாதம் என்ன வேலை செய்தார் என்ற குறிப்பு ஆகியவற்றின் நகல்களை ஒரு கோப்பில் போட்டு உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள். பிற்காலத்தில் பெர்கேசோவிடம் விண்ணப்பிக்க நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.